கழுத்தில் கொஞ்சம் கரி இருக்கட்டும்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது கழுத்துக் கரிதான். வெடிமருந்து பற்றிக்கொண்ட நொடியில், கழுத்து விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்வதற்குள் கொஞ்சம் புகை பின்னால் கசிந்துவிடுகிறது. அதன் கீழே உடம்புப் பகுதி பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். .30-06 ரகத் தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை ஏறலாம். அந்த அழுத்தத்தில் பித்தளை உப்பி அறையை அடைத்துக்கொள்கிறது, அழுத்தம் தணிந்ததும் சுருங்குகிறது. ஆனால் பழைய அளவுக்கு முழுக்கத் திரும்புவதில்லை. அதே கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்ப வேண்டுமென்றால், அதை டை என்ற எஃகு அச்சுக்குள் தள்ளி உடம்பை இறுக்கியாக வேண்டும். டைக்குள் போகும் முன்னால் அழுக்கு போக வேண்டும், மசகு ஏற வேண்டும்.

கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு வேலைகளும் என் கண்ணெதிரே அடியோடு மாறியிருக்கின்றன. மாறியதில் பாதி நல்லதுக்கு. மீதிப் பாதி என்னை உறுத்துகிறது.

பென்சில்வேனியாவில் நாங்கள் குடியேறிய தெருவில் அடுத்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி. அந்த மாநிலத்தில் நன்றி நவிலும் நாள் கழிந்த திங்கட்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்கும். பல ஊர்களில் அன்று பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. (2019-இல்தான் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்.) பெரியவர் வருஷம் தவறாமல் போவார். நான் வேட்டைக்குப் போனதில்லை, இன்றுவரை காகிதக் குறியைத்தான் சுடுகிறேன். ஆனால் அவர் வீட்டு நிலவறையில் பலகை போட்டு உட்கார்ந்து கூடுகளை ஒவ்வொன்றாகத் தயார் செய்ததைப் பார்த்துத்தான் இந்த வேலை எனக்குள் வந்தது. மேஜை ஓரத்தில் போல்ட் போட்டு முடுக்கிய டையைப் பொருத்தும் பச்சை நிற ஆர்சிபிஎஸ் பிரஸ், ஒரு பழைய துணி, கொஞ்சம் எஃகு நார், ஒரு நைலான் பிரஷ், ஒரு தகர டப்பா, ஒரு காகிதக் கிளிப். அவருடைய சுத்தம் செய்யும் சாமான் அத்தனையும் இதற்குள் அடக்கம்.

துணியால் உடம்பைத் துடைப்பார். கழுத்துக் கரியை மட்டும் மிக மெல்லிய எஃகு நாரால் இரண்டு திருகு திருகுவார். உள்கழுத்தில் நைலான் பிரஷ்ஷை ஒருமுறை விட்டு எடுப்பார். அவ்வளவுதான். பித்தளை மங்கலாகவே இருக்கும், ஆங்காங்கே பழுப்புக்கூட மிச்சமிருக்கும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. சுத்தம் எதற்கு என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. மண் துகள் ஒன்று ஒட்டியிருந்தாலும் டையின் உள்சுவரில் கீறல் விழும், அந்தக் கீறல் பிறகு வரும் ஒவ்வொரு கூட்டின் மேலும் கோடு போடும். அதற்கு ஒரு துடைப்பு. விரிசல் இருந்தால் தெரிய வேண்டும். அதற்கு ஒரு துடைப்பு. மினுக்குவது அந்த வேலையில் சேர்த்தி இல்லை.

தகர டப்பாவில் இருந்தது லனோலின், ஆட்டு ரோமத்திலிருந்து பிரித்தெடுக்கும் மெழுகு. மருந்துக் கடையில் கைவெடிப்புக்கு விற்பது. ஆள்காட்டி விரல் நுனியில் அதைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, கட்டைவிரலுக்கும் அதற்கும் நடுவில் கூட்டை வைத்து ஒரு சுற்று உருட்டுவார். அடிப்பக்கத்தில்தான் பித்தளை அதிகம் இறுக வேண்டும், ஆகவே மசகு அங்கேதான் வேண்டும். உடம்பு கழுத்தாகச் சரியும் தோளில் படவே கூடாது. தோளில் மசகு தேங்கினால் டைக்குள் போனபின் அதற்கு ஒதுங்க இடம் இருக்காது, பித்தளையை உள்ளே அமுக்கிக் குழி விழுந்துவிடும். குறைந்தாலோ கூடு டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவை அவர் எனக்கு வாயால் சொன்னதில்லை. என் விரலைப் பிடித்து, தன் விரலில் இருந்ததை அதில் தேய்த்துக் காட்டினார். வழவழப்பு தெரிய வேண்டும், ஈரம் தெரியக் கூடாது.

பிரஸ்ஸின் கைப்பிடியை இறக்கும்போது காது கொடுப்பார். சரியான மசகுள்ள கூடு சத்தமில்லாமல் ஏறி இறங்கும். மசகு போதாவிட்டால் வரும் கிறீச்சென்ற சிறு சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் கையை நிறுத்திவிடுவார். வலுக்கட்டாயமாக அழுத்துகிறவனுக்குத்தான் கூடு மாட்டும் என்பது அவர் கணக்கு.

இறுக்கிய பிறகு மசகு முழுவதையும் துடைத்தெடுப்பார். இதில் மட்டும் அவர் கண்டிப்பு கடுமையானது. சுடும்போது கூட்டின் சுவர் துப்பாக்கி அறையைக் கவ்விப் பிடித்து, பின்னோக்கி வரும் விசையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் அந்தப் பிடி தளர்ந்து, அந்தப் பங்கும் துப்பாக்கியின் பின்வாயை அடைக்கும் போல்ட்டின் தலையில் விழுகிறது. மசகு, கூட்டின் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் பக்கம் போனால் பிரைமர் வெடிக்காமலும் போகலாம். டைக்குள் உயிர்காக்கும் பொருள் துப்பாக்கிக்குள் எதிரி என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்.

இந்த விரல் வேலைக்குள் இன்னொரு வேலை ஒளிந்திருந்தது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் விளங்கியது. ஒவ்வொரு கூடும் அவர் விரலுக்கிடையில் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் பிரஸ்ஸுக்குப் போகிறது. கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் விரல் சொல்லிவிடும். அதற்கும் முன்னால், நாலைந்து கூடுகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்குவார். நல்ல பித்தளை மணி மணியாகச் சத்தம் தரும். விரிசல் விட்டது ஒன்று நடுவில் இருந்தாலும் சத்தம் பிசிறும். எது என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தேடி ஒதுக்கிவிடுவார்.

காகிதக் கிளிப் வேறு ஒன்றுக்கு. சுடும்போதும் டையில் இறுக்கும்போதும் பித்தளை நீளவாக்கில் நகர்கிறது; அடிக்குச் சற்று மேலே உள்சுவர் மெலிந்துகொண்டே வருகிறது. ஒரு நாள் அந்த இடத்தில் கூடு இரண்டாக அறுந்து, மேல்பாதி துப்பாக்கிக்குள்ளேயே தங்கிவிடும். அதோடு போனால் அதிர்ஷ்டம். வாயு பின்னால் பீய்ச்சினால் முகத்துக்கு ஆபத்து. கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் செங்குத்தாக மடக்கி, கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே மெதுவாக இழுக்க வேண்டும். சுவர் நன்றாக இருந்தால் நுனி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு பள்ளத்தில் இடறி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விரலுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. வெளியில் அதே இடத்தில் மெல்லிய பளிச்சென்ற வளையம் ஒன்று தோன்றும். மங்கலான பித்தளையில் அது தனித்துத் தெரியும்.

வீட்டில் பித்தளைச் சாமான் தேய்க்கப் பயன்படும் திரவத்தை வாங்கி வந்து கூடுகளைத் துடைக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். பெரியவர் புட்டியை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தார். அம்மோனியா நெடி. "இது உள்ளே வரவே கூடாது" என்று வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். காரணம் அவர் சொல்லவில்லை. பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டபோது அது என்னை இந்தியாவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலம் முழுவதும் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பது வழக்கமாக இருந்தது. மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால், யாரும் சுடாமலே, பல கூடுகளின் கழுத்து பிளந்திருக்கும். பருவத்தை ஒட்டி வந்ததால் பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று உலோகவியலாளர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். குற்றவாளி குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா. ஈரக் காற்றோடு சேர்ந்த அம்மோனியா, குளிர்நிலையில் இழுத்து அடித்து உள்ளுக்குள் இறுக்கம் தங்கிவிட்ட பித்தளையைத் தேடிப் பிடித்துப் பிளக்கிறது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த தோட்டாப் பித்தளை இதற்கு நல்ல இரை. அவர்கள் கண்ட பரிகாரம், கூட்டை மிதமாகச் சூடேற்றி உள் இறுக்கத்தைத் தணிப்பது.

அமெரிக்க ராணுவத் தோட்டாக்களின் கழுத்தைப் பார்த்தால் நீலமும் பழுப்புமாக ஒரு சூட்டுக் கறை தெரியும். கழுத்தைக் காய்ச்சிப் பதப்படுத்தியதற்கான அத்தாட்சி அது, பார்க்கிறவன் கண்ணில் படட்டும் என்றே ராணுவத்துக்குச் செய்கிறவர்கள் விட்டுவைக்கிறார்கள். கடைக்குத் தயாரிப்பவர்களில் பலரும் அதே சூடு காட்டிவிட்டு, வாங்குகிறவர் முகம் சுளிப்பார் என்று தேய்த்து அழித்துவிடுகிறார்கள். கறை உள்ளது பழையது, கறை இல்லாதது புதியது என்று நினைத்து நல்ல கூடுகளை ஒதுக்கியவர்களை நான் சுடப்போகும் துப்பாக்கி மன்றத்துத் திடலில் பார்த்திருக்கிறேன்.

பெரியவருடைய காலத்துக்கும் முந்திய காலம் ஒன்று உண்டு. அப்போது சுத்தம் செய்வது சோப்பும் தண்ணீரும்தான். கறுப்பு மருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பித்தளையை அரித்துவிடும், ஆகவே சுட்ட கையோடு கழுவ வேண்டும். பிறகு புகையில்லா மருந்து வந்தது, கசடு குறைந்தது. ஆனால் வேறொரு கேடு முளைத்தது. அன்றைய பிரைமர்களில் பாதரசச் சேர்மம் இருந்தது. கறுப்பு மருந்தின் ஏராளமான கசடு அந்தப் பாதரசத்தைத் தன்னோடு அடித்துக்கொண்டு போய்விடும். புகையில்லா மருந்தில் அது நேரே பித்தளையில் போய்க் கலந்து, கூட்டை நொறுங்க வைத்தது. எவ்வளவு கழுவினாலும் பிரயோசனமில்லை. பிலடெல்ஃபியாவிலிருந்த ஃப்ராங்ஃபோர்ட் ஆர்சனல் 1898-இல் ராணுவத் தோட்டாக்களில் பாதரசப் பிரைமரைக் கைவிட்ட பிறகுதான் கூடுகள் பிழைத்தன. வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளுக்குள் செத்துப்போன பித்தளை, அப்போதே மனிதனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது.

அப்புறம் வந்தது அதிர்வுத் தொட்டி. மக்காச்சோளச் சக்கையைக் குருணையாக்கியது, வால்நட் ஓட்டை இடித்தது, இவற்றில் ஒன்றைத் தொட்டியில் கொட்டி, அதற்குள் கூடுகளைப் போட்டு மணிக்கணக்கில் குலுங்க விடுவது. நானும் ஒன்று வாங்கி ரொம்ப நாள் வைத்திருந்தேன். கூடு வெளியே வரும்போது தங்கமாக இருக்கும். மூடியைத் திறந்தால் மெல்லிய தூசி ஒன்று எழும். அந்தத் தூசியில் ஈயம் இருக்கிறது. இன்றைக்கும் பெரும்பாலான பிரைமர்களில் பற்றவைக்கும் பொருள் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம்தான். சுட்ட கூட்டுக்குள் படிந்த கசடு, குருணையில் ஏறி, தூசியாகி மூச்சில் போகிறது. ஜன்னல்கூட இல்லாத நிலவறைகளில் எத்தனை பேர் அந்தத் தொட்டியைத் திறந்து ஊதியிருப்பார்கள்! பெரியவரின் தலைமுறை இதைப் பொருட்படுத்தவில்லை. நிலவறையில் வேலை செய்துகொண்டே ரொட்டியும் தின்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் பழையதைப் பற்றி எனக்கு ஏக்கமே கிடையாது. துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் வாசனைத் தாளைக் கிழித்துப் போட்டுத் தூசியைப் பிடிக்கும் உபாயமெல்லாம் பிறகு வந்தது. சரியான வழி தண்ணீர்தான்.

இப்போது தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது. நண்பர் ஒருவரின் மகன், அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன், வீட்டில் நல்ல தமிழ் பேசுவான், போன இலையுதிர் காலத்தில் தன் கராஜுக்குக் கூப்பிட்டான். ரப்பர் உறை போட்ட உருட்டு டிரம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம், அதோடு கிலோக் கணக்கில் துருப்பிடிக்காத எஃகுப் பின்கள். ஒவ்வொரு பின்னும் ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றுத் தடிமன், கால் அங்குல நீளம். நிறுத்தித் திறந்தான். தண்ணீர் கறுப்பாக ஓடியது. அலசியெடுத்த கூட்டை என் கையில் வைத்தான்.

"பாருங்க அங்கிள், உள்ள, வெளிய, பிரைமர் குழி எல்லாம் புதுசு மாதிரி. கடையில வாங்குனதுகூட இப்படி இருக்காது."

உண்மைதான். பிரைமர் குழிக்குள் கரியின் தடம்கூட இல்லை. சிட்ரிக் அமிலம் பித்தளையின் மேலிருந்த ஆக்சைடைக் கரைத்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கொல்லையில் தவலையையும் குத்துவிளக்கையும் போட்டு அம்மா புளி தேய்த்ததும் இதே ரசாயனம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், இங்கே சிட்ரிக். தேய்த்துவிட்டு உடனே கழுவாவிட்டால் விளக்கு செம்பு நிறமாகிவிடும் என்று அம்மா அவசரப்படுத்துவாள். டிரம்மிலும் அமிலத்தைக் கூட்டிப் போட்டாலோ, ராத்திரி முழுவதும் ஊறவிட்டாலோ, துத்தநாகம் கரைந்து கூடு இளஞ்சிவப்பாகிவிடும். அப்படிப்பட்ட கூட்டை நம்பக் கூடாது.

கூட்டின் அடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். பிரைமரின் தீ உள்ளே போகும் நடுத்துளையில் இரண்டு பின்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மாட்டியிருந்தன. அதை அவன் பார்க்கவில்லை. கையில் இருக்கும் ஒன்றைத்தான் நான் பார்த்தேன், குவியலில் எத்தனையோ.

"தம்பி, ஒவ்வொண்ணையும் இப்படிப் பார்க்கிறியா?"

"காந்தம் வெச்சு எடுத்துடுவேன் அங்கிள்."

அந்த வகைப் பின் பலவும் காந்தத்துக்கு ஓரளவு ஒட்டும். துளைக்குள் நெருக்கி மாட்டியதை அது இழுப்பதில்லை. ஒரு கூட்டுக்கு ஒரு பார்வை, வேறு வழியே இல்லை.

அடுத்தது கழுத்து. முழுக்கச் சுத்தமான பித்தளைக் கழுத்துக்குள் செம்பு உறை போட்ட குண்டை அழுத்தும்போது, நடுவில் எதுவுமே இல்லாத இரண்டு உலோகங்கள் நேருக்கு நேர் உரசுகின்றன. குண்டு சில கூட்டில் இலகுவாக இறங்கும், சிலதில் திணறும். அப்படியே பல மாதம் வைத்திருந்தால் ஒட்டிக்கொண்டும் விடுகிறது. குண்டைக் கழுத்து எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பது ஒவ்வொரு தோட்டாவுக்கும் மாறினால், குறியில் புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறும். தூரக்குறி சுடுகிறவர்கள் இதைக் கண்டுபிடித்து, இப்போது கிராஃபைட் பொடி வாங்கிக் கழுத்துக்குள் தோய்க்கிறார்கள். கிராஃபைட் என்பது கரி. உள்கழுத்தில் தானாகப் படிந்திருந்த மெல்லிய கரியைத்தான் பெரியவர் ஒரே ஒரு பிரஷ் தடவலோடு விட்டுவைத்தார். மணிக்கணக்கில் டிரம் சுழற்றி அதை நீக்கி, பிறகு புட்டியில் அடைத்ததைக் காசு கொடுத்து வாங்கி அதே இடத்தில் பூசுகிறோம். இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, வருத்தம்தான் வருகிறது. அவர் விட்டுவைத்தது சோம்பலால் அல்ல என்பதைச் சொல்ல இன்று அவர் இல்லை.

மசகிலும் இதே கதை. விரல் வேலை மெதுவானது என்று முதலில் திண்டு வந்தது: பிளாஸ்டிக் தட்டில் பஞ்சுத் திண்டு, அதில் மசகைப் பரப்பி, கூடுகளை வரிசையாக வைத்து உள்ளங்கையால் உருட்டுவது. திண்டில் மண் சேர்ந்தால் அத்தனை கூட்டிலும் ஏறும். பிறகு தெளிப்பான் வந்தது. கூடுகளைப் பையில் கொட்டி, நாலு தெளிப்பு, ஒரு குலுக்கல், முடிந்தது. ஆயிரக்கணக்கில் நிரப்புகிறவர்களுக்கு இது பெரிய வரம், அதை மறுக்க மாட்டேன். சில ஆண்டுகளாக எல்லோரும் வீட்டிலேயே கலந்துகொள்கிறார்கள்: ஒரு பங்கு திரவ லனோலின், பத்துப் பன்னிரண்டு பங்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால். ஆல்கஹால் பறந்தபின் கூட்டில் மிஞ்சுவது பெரியவரின் தகர டப்பாவில் இருந்த அதே ஆட்டு மெழுகு. டையின் அழுத்தத்தைத் தாங்குவதில் அதைத் தள்ளிவைக்க முடியவில்லை. ஈயத்தை அச்சில் அழுத்திக் குண்டு செய்கிறவர்கள்கூட இன்றும் லனோலினோடு விளக்கெண்ணெய் கலந்துதான் தடவுகிறார்கள்.

ஆல்கஹால் பறக்கும்வரை காத்திருக்க வேண்டும், அதுதான் இதிலுள்ள சூட்சுமம். மன்றத்தில் ஒரு இளைஞர் தெளித்த கையோடு பிரஸ்ஸில் ஏற்றினார். கைப்பிடி பாதியில் நின்றது. இன்னும் பலமாக அழுத்தினார், திருப்பி இழுத்தார். கூட்டின் அடிவிளிம்பு பிய்ந்து வந்துவிட்டது, உடம்பு டைக்குள்ளேயே இருந்தது. அதை எடுக்கும் வேலை மாலை வரை நீண்டது. அடித்துளை வழியே டிரில் போட்டுப் பெரிதாக்கி, அதில் மரை வெட்டி, போல்ட் ஒன்றை முடுக்கி முடுக்கி இழுக்க வேண்டும். கடைசியில் கூடு ஒரு முனகலோடு வந்தது. டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். நல்ல வேளை, கீறல் இல்லை.

கூட்டைச் சேமிக்கும் இந்தப் பழக்கத்தைப் பஞ்சம்தான் பலமுறை வளர்த்திருக்கிறது. 1943-இல், உலகப் போரின் நடுவில், கடையில் குண்டு கிடைக்காத நாளில், கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர் தன் அப்பாவின் சலவைக்கடைப் பின்கட்டில் ஒரு அச்சு செய்தார். சுட்டுப் போட்ட சின்ன .22 கூடுகளையே மேலுறையாக்கி ஈயக் குண்டு செய்யும் அச்சு. ஆர்சிபிஎஸ் என்ற நிறுவனம் அதிலிருந்து கிளம்பியது. பிறகு ரிச்சர்ட் லீ என்பவர் விஸ்கான்சினில் கையடக்கமான ஒரு கருவியை விற்கத் தொடங்கினார். அதில் கூட்டைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்க வேண்டும். கழுத்தை மட்டுமே அது இறுக்குவதால் மசகே தேவையில்லை. ஒரு சுத்தியல் இருந்தால் சமையலறை மேஜை போதும். 2020-இல் நோய்த்தொற்றோடு மறுபடி பஞ்சம் வந்தது. கடை அலமாரிகள் காலி; பிரைமர் விலை பல மடங்கு ஏறியது. திடலில் தரையில் கிடந்ததை யாரும் குனிந்துகூடப் பார்க்காத இடத்தில், ஆளாளுக்கு வாளியோடு வந்து பொறுக்கினார்கள். நண்பர் மகனும் அப்படித்தான் இதற்குள் வந்தான். யார் எத்தனை தடவை சுட்டது என்றே தெரியாத அநாதைக் கூடுகள் அவனிடம் நிறைய. அவற்றுக்குத்தான் பெரியவரின் காகிதக் கிளிப் எல்லாவற்றையும்விட அவசியம். அவனிடம் அது இல்லை. அப்படி ஒரு சோதனை உண்டு என்பதும் தெரியாது. எந்தக் கூட்டைப் பார்த்தாலும் புதியது என்று அந்த மினுக்கம் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

என் கோபம் டிரம்மின் மேல் இல்லை. தண்ணீர்க் கழுவல் தூசியை அடக்குகிறது, ஈயம் மூச்சுக்குப் போகாமல் காக்கிறது. நானே அதிர்வுத் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு இப்போது டிரம்தான் வைத்திருக்கிறேன். விரிசல்கூடச் சுத்தமான பித்தளையில் சீக்கிரம் தெரிகிறது, அதையும் சொல்ல வேண்டும். தொந்தரவு எங்கே என்றால், கையை விட்டுப் பித்தளை விலகிப்போனதில். டிரம்மில் கொட்டுவது, சல்லடையில் அலசுவது, பையில் குலுக்குவது, தானியங்கிப் பிரஸ்ஸின் குழாயில் கொட்டுவது. எந்தக் கட்டத்திலும் ஒரு கூடு தனியாக ஒரு விரலுக்கு வருவதில்லை. மெலிந்த சுவரைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் அந்த வரிசையில் சேர்க்கப்படவில்லை. பெரியவர் லனோலின் தடவியதில் பாதி மசகு, பாதி சோதனை. மசகு வேலையைத் தெளிப்பான் எடுத்துக்கொண்டது. சோதனையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அந்தக் கராஜில் நாங்கள் இருவரும் வேலையை முதலிலிருந்து மாற்றிச் செய்தோம். பின்களை எடுத்துவிட்டு, சோப்பும் தண்ணீரும் துளி அமிலமும் மட்டும் போட்டுக் கொஞ்ச நேரமே சுற்றினோம். கழுத்துக்குள் சாம்பல் நிறம் மிச்சமிருந்தது. அவன் முகம் சுருங்கியது.

"உள்ள இன்னும் அழுக்கு இருக்கே அங்கிள்?"

"அது அழுக்கு இல்லப்பா. குண்டு வழுக்கி இறங்கணும்ல, அதுக்கு வேணும்."

கறுப்புத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாமல் தனி வாளியில் பிடித்து வைத்தோம், ஊரில் அபாயக் கழிவு வாங்கும் நாளில் கொடுக்க. கூடுகளைப் பழம் உலர்த்தும் கருவியில் காயவைத்தான். அந்தக் கருவியில் இனிப் பழம் உலர்த்தக் கூடாது என்று அவன் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்தேன். காய்ந்த பிறகு ஒரு காகிதக் கிளிப்பை மடக்கிக் கொடுத்தேன். முதல் சில கூடுகளில் அவனுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பொறுமையிழந்து வேகமாக இழுக்க ஆரம்பித்தான். கையைப் பிடித்து, மெதுவாக, சுவரை ஒட்டி, என்று காட்டினேன். திடலில் பொறுக்கிய ஒரு .30-06 கூட்டில் அவன் கை சட்டென்று நின்றது. மறுபடி இறக்கி இழுத்தான். அதே இடத்தில் நின்றது.

"அங்கிள், இங்க ஏதோ இடறுது."

இரும்பு ரம்பத்தால் அந்தக் கூட்டை நெடுக்காக அறுத்தோம். அடிக்கு மேலே உள்சுவரில் சுற்றிலும் ஒரு பள்ளம், ஓரிடத்தில் பித்தளை காகித கனத்துக்கு வந்திருந்தது. வெளியே கண்ணாடி போல மின்னியது. அவன் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஏற்கெனவே நிரப்பத் தயாராக அடுக்கி வைத்திருந்த பெட்டியை எடுத்து மேஜையில் கவிழ்த்து, முதல் கூட்டிலிருந்து கிளிப்பை விட ஆரம்பித்தான். இடறியவற்றை ஒரு டப்பாவில் போடச் சொன்னேன். வேறு யாரும் பொறுக்கி நிரப்பிவிடாதபடி ஒவ்வொன்றின் வாயையும் குறடால் நசுக்கிப் பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போடச் சொல்லிவிட்டு, லனோலின் டப்பாவைத் திறந்தேன்.